பஸராவில் வாய் திறந்தவர்கள்

பஸரா என்றதும் நம் மதரஸா மாணவர்க்கு நஹ்வு இலக்கணமே முதலில் நினைவுக்கு வரும். கலீலும் ஸீபவைஹியும் அரபு மொழிக்கு வரம்பு கட்டிய ஊர் அது. பயான் கேட்டு வளர்ந்த நம் தாய்மார்க்கு ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களும் ராபிஅத்துல் பஸரிய்யா அம்மையாரும் நினைவுக்கு வருவர். பேரீச்சந் தோப்புகளை நினைப்பவரும் உண்டு. இவை யாவும் பின்னால் வந்த சிறப்புகள். பஸரா முதன்முதலில் நகரமாகத் தோன்றவில்லை, படைத்தளமாகத் தோன்றியது. ஊரை விட்டுக் கடலும் பாலையும் கடந்து வந்தவர்கள் தங்கிய தளத்தில், அவர்களுடைய உயிருக்கும் உடலுக்கும் பொறுப்பாளி யார் என்ற வினா அந்த ஊர் பிறந்தபோதே பிறந்துவிட்டது. அது இன்றளவும் தீரவில்லை என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

இவ்வினாவை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த மாரண்டஹள்ளி, தக்காளியும் கேழ்வரகும் விளையும் பேரூர். உருது பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் கலந்து வாழும் பகுதி. முன்னாளில் இங்கிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் பெங்களூரோடு நின்றனர். இப்போது பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றும் பெற்று வளைகுடா நாடுகளுக்குப் பயணமாகின்றனர். அவர்களில் ஒருவனுக்கு, அந்நிய நாட்டுப் படையொன்று தங்கியிருக்கும் தளத்தில் 'சேஃப்டி ஆபீசர்' வேலை வந்தது. அவன் தந்தை நம்மிடம் இரண்டு வினாக்கள் வைத்தார். "ஹஜ்ரத், அந்தப் பாசறையில் இந்த வேலை தகுமா? அங்கே அவனுக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் யாரைப் போய்க் கேட்பது?"

முதல் வினாவுக்கு விடை தர முஃப்திகள் இருக்கின்றனர். அவர்களுடைய வேலையை நாம் எடுத்துக்கொள்வதற்கில்லை. ஓர் உயிரை வாழ வைத்தவர் பற்றி மாயிதா அத்தியாயத்தில் வரும் திருவசனத்தை மட்டும் அவருக்கு நினைவூட்டினோம். இரண்டாம் வினா வரலாற்றைச் சேர்ந்தது. அதை நாம் ஏற்றுக்கொண்டோம்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அவர்கள் பஸராவில் படையை இறக்கிய ஆண்டு ஹிஜ்ரீ 14 என்பாரும் 17 என்பாரும் உண்டு. அக்காலத்தில் இத்தகைய பாசறை நகருக்கு 'மிஸ்ர்' என்று பெயர். வீடுகள் நாணலால் ஆனவை. படை புறப்படும்போது குடில்களைப் பிரித்துக் கட்டாகக் கட்டி வைத்துவிட்டுச் செல்வர். திரும்பியதும் மறுபடியும் எழுப்பிக்கொள்வர் என்று பலாதுரீ எழுதுகிறார். நாணற் குடிலுக்கு நெருப்பு பகை. ஹிஜ்ரீ 17-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளில், கூஃபாவிலும் பஸராவிலும் தீப்பற்றியதைத் தபரீ குறிக்கிறார். கூஃபாவில் சேதம் பெரிது. 80 குடில்கள் அழிந்தன. படையினர் மதீனாவுக்கு ஆளனுப்பி, பச்சைச் செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டனர். கலீபா அனுமதித்தார்கள், ஆனால் ஒருவர்க்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டா, உயரத்தில் போட்டி வேண்டா என்று வரம்பும் கட்டினார்கள்.

இந்நிகழ்ச்சியை எளிமைக்கு எடுத்துக்காட்டாகவே நம் மேடைகளில் சொல்லி வருகிறோம். அது சரியே. ஆனால் வேறொரு கண்ணாலும் இதைப் பார்க்கலாம். தளத்தில் விபத்து நிகழ்ந்தது. செய்தி மறைக்கப்படாமல் மேலிடத்துக்குச் சென்றது. கட்டும் பொருள் மாற்றப்பட்டது. மாற்றத்துக்கும் எல்லை விதிக்கப்பட்டது. இன்று ஒரு பாதுகாப்பு அலுவலர் விபத்துக்குப் பின் நிரப்பும் படிவத்திலும் இவையே கேட்கப்படுகின்றன.

அடுத்து வந்தது தண்ணீர். பஸரா உவர் நிலம், குடிநீர் தொலைவில். அஹ்னஃப் இப்னு கைஸ் (ரஹ்) அவர்கள் பஸராவின் தூதுக்குழுவோடு கலீபாவின் முன் சென்றபோது, மற்ற ஊரார் நல்ல ஆற்றங்கரைகளில் குடியேறியிருக்கத் தம் மக்கள் மட்டும் உப்புத்தரையில் கிடப்பதை எடுத்துரைத்தார்கள். மெலிந்தவர் இரண்டு ஃபர்ஸக் தொலைவு, அதாவது ஏழெட்டு மைல், நடந்து நீர் சுமப்பதையும், நீருக்குச் செல்லும் பெண் தன் குழந்தையை ஆட்டுக்குட்டி போலக் கட்டி வைத்துவிட்டுப் போக வேண்டியிருப்பதையும் சொன்னார்கள். பலாதுரீ இதை விரித்தே எழுதியிருக்கிறார். உமர் (ரலி) அவர்கள், ஆளுநர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்குக் கால்வாய் வெட்டுமாறு எழுதினார்கள். கால்வாய் வெட்டப்பட்டது. அஹ்னஃப் பேசியதற்காக எவரும் அவரைச் சினந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை. பஸராவில் வாய் திறந்தவர்களில் நாம் முதலில் வைப்பது அவரையே. அவர் கேட்கப்பட்டார் என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க, பின்னால் வேண்டியிருக்கும்.

அதே பஸராவில் ஹிஜ்ரீ 364-ஆம் ஆண்டு பிறந்தவர் இமாம் அபுல் ஹஸன் மாவர்தீ (ரஹ்) அவர்கள். 'மாவர்த்' என்றால் பன்னீர். பன்னீர் வணிகக் குடும்பத்திலிருந்து வந்த பெயர் அது. அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நாம் ஹனஃபிகள். ஆட்சி நெறியில் அவர்களுடைய 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வை விட்டுப் பேச எந்த மத்ஹபினராலும் இயலாது. அந்நூலின் இறுதி இயல் ஹிஸ்பா பற்றியது. முஹ்தஸிப் என்ற அலுவலரை நம்மவர் பலர் கடைத்தெருவில் படியும் தராசும் பார்ப்பவர் என்றே அறிவர். மாவர்தீ அவர்கள் அவருக்கு ஒப்படைக்கும் பொறுப்புகள் இன்னும் பல. தாங்கும் அளவுக்கு மேல் கப்பலில் பாரம் ஏற்றுவதை அவர் தடுக்க வேண்டும். காற்று கடுமையாக வீசும்போது பாய் விரிக்க விடக்கூடாது. அடிமைகளையும் சுமை விலங்குகளையும் சக்திக்கு மீறி வேலை வாங்கினால் குறுக்கிட வேண்டும். கூலியைக் குறைத்தோ வேலையைக் கூட்டியோ கூலியாளிடம் வரம்பு மீறும் முதலாளியைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கூறும் இடம் இன்னும் முக்கியமானது. காழி, வழக்காளி வந்து முறையிட்ட பின்பே விசாரிப்பார். முஹ்தஸிபுக்கு முறையீடு தேவையில்லை. தாமே சென்று பார்த்துக் கேடு தெரிந்தால் தடுக்கலாம். கப்பல் கவிழ்ந்த பின் இழப்பீடு பேசுவது ஒருவர் வேலை. கவிழாமல் துறையிலேயே நிறுத்துவது மற்றவர் வேலை. தானே விரும்பி நன்மையை ஏவுபவருக்கும், அதற்கென அமர்த்தப்பட்ட முஹ்தஸிபுக்கும் உள்ள வேறுபாடுகளை எண்ணும்போது, முஹ்தஸிப் தம் ஊதியத்தைப் பைத்துல்மாலிலிருந்து பெறலாம் என்பதையும் அவர்கள் சேர்க்கிறார்கள். நம் கண்ணுக்கு இதுவே இயலின் உயிர்நாடி. கப்பல்காரனிடம் சம்பளம் வாங்குபவன் கப்பலைத் தடுப்பது கடினம்.

மாரண்டஹள்ளிப் பையனின் பணி ஆணையை வாங்கிப் பார்த்தோம். சம்பளம் தருவது ஓர் ஒப்பந்த நிறுவனம். அவன் கட்டுப்பட வேண்டியது அந்நிறுவனத்தின் திட்ட மேலாளருக்கு. வேலையை விரைந்து முடிப்பதற்காகவே அமர்த்தப்பட்ட மேலாளரிடம், வேலையை நிறுத்து என்று சொல்ல வேண்டியவன் இவன். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் பாதுகாப்பு விதிநூல் பாதுகாப்பு அலுவலருக்கு, வேலை நடக்கும் நேரமெல்லாம் களத்தில் இருக்கும் கடமையையும், ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தையும் எழுத்தில் தந்திருக்கிறது. தாளில் அவன் முஹ்தஸிப்தான். பைத்துல்மாலுக்கும் ஒப்பந்தக்காரரின் கல்லாவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அந்தத் தாள் பேசவில்லை.

பஸராவை விட்டுச் சற்று மேற்கே எகிப்து வரை செல்ல வேண்டும். இறந்தவரை எண்ணும் கதை அங்கேதான் தொடங்குகிறது. 'ஆர்சனல்' என்று ஐரோப்பியர் ஆயுதச் சாலையைக் குறிக்க வழங்கும் சொல், அரபியின் 'தாருஸ் ஸினாஆ'விலிருந்து பிறந்தது. தொழில் நடக்கும் வீடு என்பது பொருள். கடற்படைக் கப்பல்கள் கட்டும் துறைகளுக்கு அப்பெயர் வழங்கிற்று. துனீஸில் அத்தகைய துறை அமைந்தபோது, கலீபா அப்துல் மலிக்கின் கட்டளைப்படி எகிப்திலிருந்து ஆயிரம் கிப்தியர் மனைவி மக்களோடு அனுப்பப்பட்டனர் என்று பக்ரீ எழுதுகிறார். கடல் கடந்த படைத்தளத்துக்கு வேற்று நாட்டுத் தொழிலாளரைக் கொண்டுசெல்வது, பார்க்கப்போனால், மிகப் பழைய வழக்கம்.

அந்தத் துறைகளுக்கும் கப்பல்களுக்கும் எகிப்தின் கிராமங்கள் தச்சரையும் மாலுமிகளையும் தந்தன. 1901-ல் மேல் எகிப்தின் கோம் இஷ்காவ் என்னும் சிற்றூரில் பாப்பிரஸ் ஏடுகள் பல கண்டெடுக்கப்பட்டன. ஹிஜ்ரீ 90 முதல் 96 வரை எகிப்தை ஆண்ட குர்ரா இப்னு ஷரீக், அப்பகுதியின் நிருவாகியான பஸிலியோஸ் என்ற கிறிஸ்தவருக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் இருந்தன. அவற்றுள் ஒரு கடிதம் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பற்படையோடு சென்ற மாலுமிகளில் உன் பகுதிக்குத் திரும்பியவர் எத்தனை பேர், அங்கேயே தங்கியவர் எத்தனை பேர், ஏன் தங்கினர், அங்கு இறந்தவர் எத்தனை பேர், திரும்பும் வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்று ஆளுநர் கணக்குக் கேட்கிறார்.

குர்ராவைப் புனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் அவரைக் கொடியவர் என்றே எழுதினர். தப்பியோடியவரைப் பிடிக்கவும் வரிக் கணக்கைச் சரிபார்க்கவும் அக்கடிதம் பயன்பட்டிருக்கும். என்றாலும், படைக்கு வேலை செய்யப் போன ஒரு சிற்றூரான் எங்கே, எப்படி இறந்தான் என்பது அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

இனி 1914. அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் இந்தியாவிலிருந்து சென்ற பிரிட்டிஷ் படை ஃபாவ் கரையில் இறங்கியது. அம்மாதம் முடியுமுன் பஸரா அதன் கையில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பஸரா மீண்டும் ஒரு 'மிஸ்ர்' ஆயிற்று. துறைமேடைகள், இருப்புப் பாதைகள், மருத்துவமனைகள், கிடங்குகள். கட்டியவர் யார்? அந்தப் போருக்கு இந்தியா சேர்த்த ஆட்களில் போராடாத வேலையாட்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். சுமைகூலிகள், கழுதையோட்டிகள், தோல் தொழிலாளர், சமையற்காரர், துப்புரவாளர், படகுக்காரர் என அவர்கள் பல வகையினர்; அவர்களில் பெரும்பகுதியினர் மெசபொத்தேமியாவுக்கே போயினர். 1916 அக்டோபர் முதல் இந்தியச் சிறைகளிலிருந்தும் ஆள் எடுத்தனர். தண்டனைக் குறைப்பை ஆசை காட்டி 15,000-க்கு மேற்பட்ட கைதிகள் அனுப்பப்பட்டனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியாளர் படையும் அங்கு பணிபுரிந்தது. தமிழரும் நம் சமுதாயத்தவரும் அதில் காலங்காலமாகச் சேர்ந்து வந்தனர். உதுமானியக் கலீபாவுக்கு எதிரான போரில் வயிற்றுக்காக நின்ற முஸ்லிம்களின் மனப்புண் தனிக் கட்டுரைக்கு உரியது.

போர் நம் ஊர்களிலிருந்து ஆளை மட்டும் எடுக்கவில்லை. மொரப்பூரில் தொடங்கித் தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் சென்ற பழைய குறுகிய இருப்புப் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிப் பெயர்க்கப்பட்டது. இன்று மாரண்டஹள்ளி நிலையத்தைக் கடக்கும் வண்டிகள் ஓடுவது அதன் பின் வந்த பாதையில்.

1915 நவம்பரில், ஸஹாபி ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் ஸல்மான் பாக்கில் பெரும் போர் நிகழ்ந்தது. அடிபட்டவர்களை வில் இல்லாத வண்டிகளில் போட்டு ஆற்றுக்குக் கொண்டுவந்து, நீராவிப் படகுகளில் நெருக்கி அடைத்துப் பஸராவுக்கு அனுப்பினர். நாட்கணக்கில் கட்டு மாற்றப்படாமல், கழிவிலேயே கிடந்து வந்தனர். பஸராவில் மருத்துவக் கப்பல் ஒன்றின் பொறுப்பிலிருந்த இந்திய மருத்துவப் பணி அதிகாரி மேஜர் கார்ட்டர் அவர்களை ஏற்றுக்கொண்டபோது கண்டதை அப்படியே அறிக்கையாக எழுதினார். மேலதிகாரிகள் செய்தது என்ன? கைது செய்வோம், கப்பற் பொறுப்பைப் பறிப்போம் என்று அவரை அச்சுறுத்தினர். இதை நாம் எவருடைய வாய்ச்சொல்லிலிருந்தும் எடுக்கவில்லை. 1917-ல் வெளியான மெசபொத்தேமியா ஆணையத்தின் அறிக்கையே பதிந்திருக்கிறது. அந்த அறிக்கையின் சூட்டில் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். பஸராவில் வாய் திறந்தவர்களில் கார்ட்டர் இரண்டாமவர். அஹ்னஃபுக்கு ஒரே அமர்வில் கிடைத்த செவி, இவருக்கு ஓர் ஆணையம் அமைந்த பின்பே கிடைத்தது. அதற்குள் ஆற்றில் எத்தனை படகுகள் வந்து போயின!

போர் முடிந்து 1929-ல், பஸராவுக்கு வடக்கே மஅகில் கடற்படைத் துறைமேடையில் நினைவுச் சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத 40,500-க்கு மேற்பட்டோர்க்கு அது நினைவிடம். பிரிட்டிஷ் சிப்பாயின் பெயர் கல்லில் வெட்டப்பட்டது. இந்திய அதிகாரியின் பெயரும் வெட்டப்பட்டது. இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று எண் மட்டுமே. துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கே இந்நிலை என்றால், மூட்டை சுமந்தவனைப் பற்றி என்ன சொல்ல? 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் தன் பழைய ஏடுகளைத் தானே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பான்மையான 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஹிஜ்ரீ 90-களில் ஒரு கடுமையான ஆளுநர் கேட்ட கணக்கு, இருபதாம் நூற்றாண்டின் பேரரசுக்குத் தோன்ற நூறாண்டு பிடித்தது.

எண்ணிக்கைக்கும் இழப்பீட்டுக்கும் உறவுண்டு. எண்ணப்படாதவனுக்கு இழப்பீடு இல்லை. இந்தக் கோணத்தில் 1941 ஒரு திருப்பம். அந்த ஆண்டு அமெரிக்கா, தன் நாட்டுக்கு வெளியே உள்ள படைத்தளங்களில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 'டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்' என்பது அதன் பெயர். ஒப்பந்தக்காரரும் அவர்கீழ் உள்ள துணை ஒப்பந்தக்காரரும் தொழிலாளருக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். தொழிலாளி எந்த நாட்டவராயினும் சட்டம் அவரைச் சேரும். மாரண்டஹள்ளியார் கேட்ட இரண்டாம் வினாவுக்கு விடையின் பெரும்பகுதி இங்கே இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம்.

காயம் பட்டால் 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்குள் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தொழிலாளி இறந்தால் அவருடைய சராசரி வார ஊதியத்தில் பாதி மனைவிக்கு. குழந்தைகளும் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை உயரும். வெளிநாட்டவர் என்றால் மனைவி மக்களுக்கே முதலுரிமை. அவர்கள் இல்லாவிடில், விபத்துக்கு முந்தைய ஓராண்டில் அவரால் ஆதரிக்கப்பட்ட தாய் தந்தையர்க்கு உரிமையுண்டு. ஆகவே, மணமாகாத மகன் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் வங்கிச் சீட்டுகளைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருப்பது வீண் வேலையன்று. இச்சட்டத்தில் ஒரு கறையும் உண்டு. வெளிநாட்டவர்க்கு இனி வர வேண்டிய தவணைகள் அனைத்தையும் கணக்கிட்டு, அதில் பாதியை மட்டும் ஒரே தொகையாகத் தந்து கணக்கை முடிக்க அது இடம் தருகிறது. ஒரே தளத்தில், ஒரே சாரத்திலிருந்து விழுந்த இருவரில் ஒருவர் உயிருக்குப் பாதி விலை! தியத் பற்றிய நம் ஃபிக்ஹ் பாடங்களில், முஸ்லிமல்லாத குடிமகனின் உயிரீடு முஸ்லிமின் உயிரீட்டுக்குச் சமமே என்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் நிலைநாட்டியதை நினைக்கும்போது இந்தப் பாதி நம் கண்ணை உறுத்துகிறது.

இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நுழைந்தது. ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள ஆலைகள் அவரை அமர்த்த வேண்டும் என்று 40-பி பிரிவு விதித்தது. நம் பிள்ளைகள் இன்று இத்துறையில் படிப்பதற்கு அதுவே விதை. வெப்பத்தை அளக்கும் முறையோ படைப் பாசறையிலேயே பிறந்தது. காற்றின் சூடு, ஈரம், வெயிலின் தாக்கம் மூன்றையும் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்லும் முறையை, பயிற்சியில் சுருண்டு விழுந்த வீரர்களைக் காக்க 1950-களில் அமெரிக்கக் கடற்படைவீரர் முகாமொன்றில் வகுத்தனர். அந்த எண் 90 ஃபாரன்ஹீட்டை எட்டினால் தளத்தில் கறுப்புக் கொடி ஏறும். கத்தர் அரசு 2021-ல் இதே அளவுமுறையில் 32.1 செல்சியசைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. கறுப்புக் கொடி ஏறியதும் வீரரின் பயிற்சி நிற்கும். கான்கிரீட் ஊற்றும் கூலியாளின் வேலையும் நிற்கிறதா என்று போய்ப் பார்ப்பவரே பாதுகாப்பு அலுவலர்.

2003-ல் பஸரா மீண்டும் படைத்தளமாயிற்று. இந்த முறை வேலையாட்களின் கதை இன்னும் சிக்கலானது. 2008 தொடக்கத்தில் இராக் போர்க்களத்தில் அமெரிக்காவுக்காக வேலை செய்த ஒப்பந்த ஆட்கள் குறைந்தது 1,90,000 பேர் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் அமெரிக்கர் ஐந்தில் ஒருவரே. இராக்கியரும் அமெரிக்கரும் அல்லாதவர்க்கு 'மூன்றாம் நாட்டவர்' என்று பெயர். இந்தியர், நேபாளியர், வங்காள தேசத்தார், பிலிப்பைன்ஸ் மக்கள் இதில் அடக்கம். இடையில் ஏஜெண்டுகள் அடுக்கடுக்காக நின்றனர். 2004 ஆகஸ்டில், வேலைக்காக இராக்குக்குள் கொண்டுசெல்லப்பட்ட 12 நேபாளியர் கடத்திக் கொல்லப்பட்டது வாசகர் பலர்க்கு நினைவிருக்கும். 2006-ல் அங்கிருந்த அமெரிக்கத் தளபதி, தொழிலாளரின் பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்கக்கூடாது என்று ஆணையிட்டார்; 2012-ல் அந்நாட்டு அதிபரின் ஆணை, வேலைக்கு ஆள் சேர்க்கத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவதையும் தடுத்தது. ஏஜெண்டு கேட்கும் லட்சங்களுக்காக நிலத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பஸராவின் வடக்கே கர்மத் அலீ என்றோர் இடம் உண்டு. எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்துவதற்கான நீரைச் சுத்திகரித்து அனுப்பும் நிலையம் அங்கே இருந்தது. நீருக்காக அஹ்னஃப் பேசிய அதே பஸராதான். குழாய்கள் துருப்பிடியாதிருக்கப் பயன்படுத்திய சோடியம் டைகுரோமேட் என்னும் செம்மஞ்சள் பொடி, 2003-ல் அங்கே மூட்டை கிழிந்து தரையெங்கும் கொட்டிக் கிடந்தது. மூச்சில் சென்றால் நுரையீரல் புற்றுநோய் தரும் நஞ்சு அது. நிலையத்தைச் சீரமைத்த ஒப்பந்த ஆட்களும் காவலிருந்த அமெரிக்க வீரர்களும் காற்றில் பறந்த பொடியில் மாதக்கணக்கில் நின்றனர். மூக்கில் இரத்தம் வடிந்தது. அந்த இடத்தின் பாதுகாப்புப் பொறுப்பில் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இருந்தார். பொடி என்னவென்று தேடியறிந்து மேலே எச்சரித்ததாகவும், இது பெரிய விஷயமன்று என்று விடை வந்ததாகவும், விடாது கேட்டதால் தாம் அங்கிருந்து அகற்றப்பட்டதாகவும் 2008 ஜூனில் அமெரிக்க செனட் உறுப்பினர்கள் முன் அவர் சாட்சியம் சொன்னார். பஸராவில் வாய் திறந்தவர்களில் மூன்றாமவர் அவர். அவரும் நம் மாரண்டஹள்ளிப் பையனும் ஒரே பதவிக்காரர்கள்.

நோயுற்ற ஓரிகன் மாநில வீரர் 12 பேர் வழக்குத் தொடுத்தனர். 2012-ல் ஜூரிகள் எட்டரைக் கோடி டாலர் வழங்கத் தீர்ப்புரைத்தனர். மேல்முறையீட்டில், அந்நீதிமன்றத்துக்கு இவ்வழக்கை விசாரிக்கும் எல்லையில்லை என்று 2015-ல் அது தள்ளப்பட்டது. அதே நிலையத்தில் தினக்கூலிக்கு நின்ற இராக்கியரின் பெயர்களை நாம் எந்தச் சாட்சியத்திலும் காணவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி பக்தாதில். 2008 ஜனவரி 2-ஆம் நாள், ரத்வானிய்யா அரண்மனை வளாகத்தில் தங்கியிருந்த இளம் அமெரிக்க வீரர் ஒருவர் குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். நீரேற்றும் மோட்டாருக்கு எர்த் கொடுக்கப்படவில்லை. கசிந்த மின்சாரம் குழாய் வழியாக அவர் உடலில் இறங்கியது. மாரண்டஹள்ளியில் கிணற்று மோட்டாருக்கு எர்த் கம்பி புதைத்து உப்பும் கரியும் போடத் தெரியாத மின்பணியாள் எவரும் இல்லை. ஆனால் கோடானுகோடி டாலர் செலவான தளத்தில் அது இல்லை. அவருடைய தாய் விடாமல் வினவியதால் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. இராக்கில் 2003 முதல் 2009 வரை மின்சாரம் தாக்கி 18 பேர் இறந்தனர் என்பது வெளியாயிற்று. பல்லாயிரம் கட்டடங்களைச் சோதிக்கத் தனிக்குழு அமைந்தது.

விசாரணையில் ஒரு தாளும் வெளிவந்தது. அந்தக் கட்டடத்தின் மின்னமைப்பை ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் 2007 பிப்ரவரியிலேயே, அதாவது சாவுக்குப் பதினொரு மாதங்களுக்கு முன்பே, சோதித்திருந்தனர். எர்த் இல்லாமை உட்படப் பல குறைகளைக் குறித்தும் வைத்திருந்தனர். அந்தக் கட்டடத்துக்கான ஒப்பந்தம், பழுது உண்டான பின் சொன்னால் சரிசெய்யும் வகையைச் சேர்ந்தது. முன்கூட்டியே சீர்திருத்தும் வேலை அதில் அடங்கவில்லை. குறை எழுதப்பட்ட தாள் கோப்பில் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.